இரண்டாம் துளை

நூல்களைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் நிறைகுறை கண்டு எடைபோடுகிறோம். ஆனால் நம் சட்டைப் பையில் இடம்பிடித்து, நாள்தோறும் நம்மோடு நடந்து, நம் பழக்கவழக்கங்களைச் சிறுகச் சிறுக மாற்றிவிடும் பொருள்களை மட்டும் நாம் அவ்வாறு ஆராய்வதில்லை. விலை என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும் என்னும் இரு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். ஒரு கருவியின் உருவம் தானாக முளைத்ததன்று. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று யாரோ சிலர் கூடி எடுத்த முடிவுகளின் தொகுப்பே அது. அம்முடிவு ஒவ்வொன்றிலும் மனிதனைப் பற்றிய ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. அக்கருத்தை வாசித்தறியும் சிறு முயற்சியாக, 1979-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த ஒரு கருவியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். வாக்மேன் என்பது அதன் பெயர்.

இத்தெரிவுக்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. சில மாதங்களுக்கு முன், படுக்கையில் கிடக்கும் மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். கண்பார்வை மங்கிவிட்டது, செவி மட்டும் கூர்மையாய் இருக்கிறது. அதே அறையின் மூலையில் கல்லூரியில் பயிலும் பேரன், காதுகளை அடைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தான். திடீரென அவன் வாய்விட்டுச் சிரித்தான். மூதாட்டி நம் கையைப் பற்றி, "சாமி, அவன் எதுக்குச் சிரிக்கான்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். நாம் கேட்டோம். அவன் ஒரு காதை மட்டும் விடுவித்து, "ஒண்ணுமில்ல ஃபாதர், சும்மா ஒரு காமெடி" என்றான். "ஆச்சியும் கேக்கட்டுமே தம்பி" என்றோம். "ஆச்சிக்குப் புரியாது ஃபாதர்" என்று பணிவாகவே சொல்லிவிட்டு, மீண்டும் காதை அடைத்துக்கொண்டான். அவன் கெட்ட பிள்ளை அல்லன். ஆச்சிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவன் அவனே. ஆயினும் நான்கடி தொலைவில் எழுந்த சிரிப்பொன்று அம்மூதாட்டியை எட்டாமலே அடங்கிப்போயிற்று.

வாக்மேனின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

சோனி நிறுவனத்தை நிறுவியோர் இருவர்: மசாரு இபுகா, அகியோ மொரிட்டா. நெடுந்தொலைவு விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பிய இபுகா, அந்நாளில் கிடைத்த ஸ்டீரியோ ஒலிநாடாக் கருவியின் பாரத்தால் அலுத்துப்போய், எளிதில் கொண்டுசெல்லத்தக்க ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார். பொறியாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பத்திரிகை நிருபர்கள் பேட்டிகளைப் பதிவு செய்வதற்கென 'பிரஸ்மேன்' என்னும் சிறிய கருவி ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து ஒலியைப் பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கினார்கள். ஸ்டீரியோ ஒலிக்குரிய பாகங்களைப் பொருத்தினார்கள். அதே காலத்தில் ஆய்வுக்கூடத்தில் எடை குறைந்த ஹெட்போன் ஒன்றும் உருவாகியிருந்தது. அதற்கு முன்னிருந்தவை முந்நூறு நானூறு கிராம் எடை கொண்டவை. இதுவோ ஏறத்தாழ 50 கிராம். இரண்டும் இணைந்தன. 1979 ஜூலை முதல் நாள், 33,000 யென் விலையில், நீல நிறமும் வெள்ளி நிறமும் கொண்ட அக்கருவி கடைக்கு வந்தது.

இங்கே வாசகர் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். நிருபரின் கருவி பிறர் குரலைக் கேட்பதற்காகவே பிறந்தது. முன்பின் அறியாத ஒருவரின் முன் அதை நீட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்வார் நிருபர். அதிலிருந்து நீக்கப்பட்டவை இரண்டு. பதிவு செய்யும் பகுதி நீங்கியபோது, எதிரில் இருப்பவரின் குரல் உள்ளே நுழையும் வழி அடைபட்டது. ஒலிபெருக்கி நீங்கியபோது, உள்ளிருக்கும் ஒலி அருகிருப்பவரைச் சென்றடையும் வழியும் அடைபட்டது. வடிவமைப்பு என்பதைப் பெரும்பாலும் கூட்டல் என்றே எண்ணுகிறோம். இங்கே அது கழித்தலாக இருந்தது. கழித்ததனாலேயே கருவி சிறுத்தது, இனித்தது, சட்டைப் பைக்கு நெருக்கமாயிற்று. அயலார் குரலுக்கென அமைந்த கருவி, அயலார் குரலின்றி இருப்பதற்கான கருவியாகவும் மாறிற்று.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 1986-இல் வெளிவந்த தம் 'மேட் இன் ஜப்பான்' நூலில் மொரிட்டா ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். முதல் மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுசென்று, வெவ்வேறு இசையைக் கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவிக்கு அது எரிச்சலை ஊட்டிற்று. கணவர் பக்கத்திலேயே இருந்தும், தாம் வெளியே நிறுத்தப்பட்டதாக அவர் உணர்ந்தார். மொரிட்டா அக்குறையைப் புறந்தள்ளவில்லை. இருவர் ஒருங்கே கேட்கும்படி ஹெட்போன் துளை இரண்டு வேண்டும் எனப் பணித்தார். அடுத்த வாரமே இரண்டு துளைகள் கொண்ட மாதிரி வந்து சேர்ந்தது. பின்னொரு நாள் நண்பர் ஒருவருடன் காரில் செல்கையில், இருவரும் இசை கேட்டுக்கொண்டே பேசிக்கொள்ள இயலவில்லை என்பதையும் கண்டார். அதன் விளைவாகச் சிறிய ஒலிவாங்கி ஒன்றும் ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் சேர்ந்தன. பொத்தானை அழுத்தினால் இசை தணியும். பேசுபவரின் குரல் இருவர் காதிலும் விழும்.

ஒரு மனைவியின் மனக்குறை இவ்வாறு உலோகத்தில் ஒரு துளையாக உருப்பெற்றது. நவீனக் கருவிகளின் வரலாற்றில் இதைவிட நெகிழ்வான பகுதி ஒன்றை நாம் அறியோம். தனியே இன்புறுவதற்கெனச் செய்த கருவியில், அருகிருப்பவருக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. ஒருவர் மட்டும் தனித்து இசை கேட்பது பிறரை அவமதிப்பதாகக் கருதப்படும் என்று மொரிட்டா அஞ்சினார். அவ்வச்சம் அவரை நல்வழியில் நடத்திற்று. கருவியை அறிமுகப்படுத்துகையில் பத்திரிகையாளர்களைப் பேருந்தில் ஏற்றி, டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆளுக்கொரு வாக்மேன் தரப்பட்டது. அங்கே அவர்கள் கண்ட காட்சிகளுள் ஒன்று, இருவர் ஓட்டும் மிதிவண்டியில் ஓர் ஆணும் பெண்ணும் அமர்ந்து இசை கேட்டுச் செல்வது. கருவியைச் செய்தோர் அதை இருவருக்கான கருவியாகவே உலகுக்குக் காட்ட விரும்பினர் என்பதற்கு இது போதிய சான்று.

உலகம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. முதல் மாதம் ஏறத்தாழ மூவாயிரம் கருவிகளே விற்றன. ஆகஸ்டு முடிவதற்குள் முதலில் செய்த முப்பதாயிரமும் தீர்ந்துபோயின. வாங்கியவர்கள் அதை முற்றிலும் தமக்கே உரிய தனிப்பொருளாகக் கருதினர். பகிர்ந்துகொள்ளும் விருப்பம் தாம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதை மொரிட்டாவே ஒப்புக்கொள்கிறார். பின்வந்த வடிவங்களில் ஆரஞ்சுப் பொத்தான் மறைந்தது. காலப்போக்கில் இரண்டாம் துளையும் மறைந்தது. ஒற்றைத் துளையோடு அக்கருவி உலகெங்கும் நடந்தது. ஜப்பானில் 2010-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டபோது, ஒலிநாடா வாக்மேன்கள் ஏறத்தாழ இருபது கோடி விற்றிருந்தன.

இரண்டாம் துளையை அடைத்தது யார்? வணிகர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. இருவர் ஒரு கருவியைப் பகிர்ந்தால் ஒன்றுதான் விற்கும், பகிராவிட்டால் இரண்டு விற்கும் என்னும் கணக்கு சிறுவனுக்கும் விளங்கும். ஆனால் இங்கே விற்றவர் துளையைத் திறந்து வைத்திருந்தார். வாங்கியவர்தாம் அதைப் பயன்படுத்தவில்லை. பயன்படாத துளையைச் சந்தை அடைத்துவிட்டது. இவ்வுண்மை நமக்கு உவப்பானதன்று. கருவிகள் நம்மைக் கெடுக்கின்றன என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. பழி வேறெங்கோ போய்விடுகிறதன்றோ? வாக்மேன் அச்சுகத்தை நமக்கு மறுக்கிறது.

தொழில்நுட்பம் தன் போக்கில் நம்மை இழுத்துச் செல்கிறது, யாரும் எதுவும் செய்வதற்கில்லை என்பாரும் உளர். அவர்களுக்கு நம் ஊர்களே விடை. வாக்மேனின் உயிர் ஒலிநாடா. அதை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்டது. பிற நிறுவனங்களும் கட்டணமின்றிச் செய்துகொள்ள இசைந்ததனால் அது உலகமெங்கும் பரவிற்று. அதே ஒலிநாடா எண்பதுகளில் தமிழ்நாட்டில் என்ன செய்தது? தேநீர்க்கடையின் பெட்டியில் அமர்ந்து தெருவுக்கே பாடிற்று. திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் ஏறி, அழையாதவர் காதிலும் விழுந்தது. விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் சிற்றூர்களிலும் தோன்றின. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கடிதத்துக்கு மாற்றாகத் தம் குரலையே நாடாவில் பதிந்து அனுப்பினர். அது வந்த நாளில் வீட்டார் அனைவரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்பர். அண்டை வீட்டாரும் வந்து நிற்பர். மனைவிக்கு மட்டுமே உரிய சொற்களை அந்தக் கணவன் எங்கே வைத்திருப்பான் என்று இன்று எண்ணிப்பார்க்கிறோம். ஒருவேளை எல்லாருக்குமான விசாரிப்புகளுக்கு இடையில், ஒரு கனைப்பில், ஒரு தயக்கத்தில் வைத்திருப்பான்.

நாடா ஒன்றுதான், காந்தத் துகள் ஒன்றுதான். பெட்டிக்குள் இட்டால் ஊருக்குப் பாடிற்று; வாக்மேனுக்குள் இட்டால் ஒருவனுக்குப் பாடிற்று. எனவே ஒலி எத்தனை பேரைச் சேரவேண்டும் என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கவில்லை. அதற்கு எவ்வுருவம் தரப்படுகிறது என்பதும், அவ்வுருவத்தை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்பதுமே தீர்மானித்தன.

இவ்வாறெல்லாம் எழுதும்போது, தனிமையையே குற்றமாக்கிவிடக் கூடாது. நேர்மையான திறனாய்வு எதிர்வழக்கையும் கேட்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் சூஹெய் ஹொசோகாவா 1984-இல் எழுதிய கட்டுரையில், வாக்மேன் அணிந்து நடப்பவன் நகரத்திலிருந்து துண்டிக்கப்பட்டவன் என்னும் எளிய முடிவை ஏற்கவில்லை. அவன் நகரத்தோடு புதியதோர் உறவைத் தனக்கென அமைத்துக்கொள்கிறான் என்ற கோணத்தில் வாதிட்டார். இதில் உண்மை உண்டு. ஒற்றை அறையில் அறுவர் வாழும் வீட்டில், தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குக் காதில் ஒலிக்கும் இசையே கதவும் சுவரும் ஆகிறது. நாளெல்லாம் ஆலை இரைச்சலில் நின்றவன் ஊர் திரும்பும் பேருந்தில் அரைமணி நேரம் தன்னோடு தான் இருக்க விரும்பினால், அதை மறுக்க நாம் யார்? குழாய் ஒலிபெருக்கி நள்ளிரவிலும் முழங்கிய ஊர்களில் வாழ்ந்த நோயாளிகளைக் கேட்டால், பொதுவில் ஒலிப்பதெல்லாம் அன்பென்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

குருமட நாள்களில் படித்த ஒரு காட்சி இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை எழுதிய நூலின் ஆறாம் பகுதியில், மிலான் நகர ஆயர் அம்புரோசியார் நூல் வாசிக்கும் விதத்தை வியப்போடு வரைகிறார். வாய்விட்டு வாசிப்பதே வழக்கமாயிருந்த காலம் அது. ஆயரோ கண்களைப் பக்கங்களில் ஓட்டி, உள்ளத்தால் பொருள் தேடி, நாவையும் குரலையும் அசைக்காமல் வாசிப்பார். வந்தவர்கள் அவரைக் கலைக்கத் துணியாமல் நெடுநேரம் அமர்ந்திருந்து, பின் எழுந்து செல்வர். எதற்காக அவர் அவ்வாறு செய்தாரோ, நல்ல நோக்கத்துக்காகவே செய்திருப்பார் என்று அகுஸ்தினார் முடிக்கிறார். ஒருவன் தன்னுள் ஆழ்ந்திருப்பது பழுதன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. ஆனால் அக்காட்சியின் இன்னொரு வரியை நாம் மறந்துவிடுகிறோம். அவ்வறைக்குள் நுழைய யாருக்கும் தடையில்லை. வருகையை முன்னறிவிக்கும் வழக்கமும் அங்கில்லை. ஆயர் மௌனமாக வாசித்தார். கதவு திறந்தே இருந்தது.

இரண்டாம் துளை அத்தகைய திறந்த கதவுதான். எப்போதும் யாராவது அதில் வந்து இணைந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தனியே கேட்பவன் தனியே கேட்கலாம். ஆனால் இன்னொருவர் வரக்கூடும் என்பதைக் கருவியே நினைவூட்டிக்கொண்டிருக்கும். தனிமையை நாம் தேர்ந்துகொள்வது ஒன்று. தனிமையைத் தவிர வேறு வழியில்லாதபடி பொருள்களைச் செய்துவைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பொருள்களைப் பற்றிய திறனாய்வின் முதற்பணி என்போம்.

பின் நிகழ்ந்தவை இவ்வேறுபாட்டின் தேவையையே காட்டுகின்றன. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது. ஆயிரம் பாடல்கள் ஒரே பையில் அடங்கின, துளை ஒன்றே. அதன் உற்பத்தி 2022-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் அதன் பணியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இதற்கிடையில் ஓர் எளிய செயலை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பள்ளிப் பேருந்தில் இரு சிறுமியர் அருகருகே அமர்ந்து, ஒரே கம்பியின் ஒரு முனையை ஒருத்தி இடக்காதிலும் மறுமுனையை மற்றொருத்தி வலக்காதிலும் வைத்துக்கொண்டு, தோளோடு தோள் சாய்ந்து செல்வர். கம்பி நீளம் போதாமையால் அவர்கள் நெருங்கியே அமர வேண்டும். எந்தப் பொறியாளரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஸ்டீரியோ ஒலியில் பாதியை விட்டுக்கொடுத்துத் தோழியைப் பெற்றுக்கொண்டார்கள். சந்தை அடைத்த துளையைப் பிள்ளைகள் தாமாகவே திறந்தார்கள்.

2016-இல் அந்நிறுவனம் தன் புதிய கைப்பேசியில் ஹெட்போன் துளையையே நீக்கிவிட்டது. கம்பியற்ற காதொலிப்பான்களையும் விற்கத் தொடங்கிற்று. மற்றவரும் பின்தொடர்ந்தனர். அதன்பின் 2019-இல், ஒரு கைப்பேசியின் ஒலியை இரண்டு இணைக் காதொலிப்பான்களில் இருவர் ஒருங்கே கேட்கும் வசதியை அதே நிறுவனம் புதுமையெனச் சேர்த்தது. 1979-இல் ஒரு மனைவியின் மனக்குறையால் பிறந்து, வேண்டாமென்று விடப்பட்ட ஒன்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் திரும்பிவந்தது. மனிதனின் தேவை அடைபட்டாலும் அழிவதில்லை என்பதை எண்ணி மகிழ்கிறோம். அதே வேளையில், அன்று சிறுமியர் ஒரே கம்பியில் பெற்றதைப் பெற, இன்று விலையுயர்ந்த இணைகள் இரண்டு வேண்டும் என்பதையும் குறித்துவைக்கிறோம்.

வாக்மேனைப் பற்றிய நம் மதிப்பீட்டை இனிச் சொல்லிவிடலாம். சிறுமை, எளிமை, ஒலியின் தூய்மை ஆகியவற்றில் அது தன் காலத்தின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. அதன் முதல் வடிவமே அறத்தால் உயர்ந்த வடிவம். பின்வந்தவை மெலிந்தன, அழகு பெற்றன, ஆனால் ஒரு நினைப்பை இழந்தன. தேய்ந்தது பொறியியலன்று, அருகிருப்பவரைப் பற்றிய கவலை. இனி நம் வீட்டுக்குள் நுழையும் எப்புதிய கருவியையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இதில் இரண்டாமவருக்கு இடம் உண்டா? உண்டெனில், அதை நாம் பயன்படுத்தப் போகிறோமா?

இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அன்று அம்மூதாட்டியின் வீட்டுக்கு நாம் சென்றது பேருந்தில். நம் காதிலும் ஏதோ ஓர் உரை ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எதையோ கேட்டார். நாம் ஒரு காதை விடுவித்து, ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, மீண்டும் அடைத்துக்கொண்டோம். பிற்பகலில் அப்பேரன் செய்ததும் இதுவேயன்றோ? பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரசு மருத்துவமனை நிறுத்தத்தில், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு இறங்கிப்போனார். அவர் கேட்க வந்தது ஊரின் பெயரை மட்டுந்தானா என்று நமக்கு இன்றுவரை தெரியாது.